ஜன்னலுக்குத் தார்ப்பாய்

பெரியநாயகசாமி தன் வாழ்நாளில் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே பொருள் அவர் வீட்டு ஜன்னல்கள். அவற்றை அவர் செய்யவும் இல்லை, வாங்கவும் இல்லை. ரங்கூனில் மண்டி வைத்திருந்த அவருடைய தாத்தா கப்பலில் ஏற்றி அனுப்பிய தேக்கு அது. நாகப்பட்டினத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் பாபநாசம் வரைக்கும் வந்து, வாய்க்கால் கரைத் தெருவில் ஜன்னலாக நின்றது. பேரன் தன் பங்குக்குச் செய்த காரியம், வருஷா வருஷம் அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததுதான்.

ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு முந்தின வாரம் அடிப்பார். பழைய பெயிண்டைச் சுரண்டவே மாட்டார். சுரண்டினால் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். உள்ளே கரையான் தின்ற ஓட்டைகளும், அவற்றை அடைத்த மக்குப் பசையும், அந்தப் பசையையும் மறுபடி தின்ற கரையானும் இருந்தன. அதன்மேல் ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு. சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டே போன ஆள் பஸ் படிக்கட்டில் சிக்கிக்கொள்வதுபோல, கதவுகள் பருத்துப்போய்ச் சட்டத்துக்குள் அடங்க மறுத்தன. மூடியிருந்தால் திறக்க முடியாது. திறந்தால் மூட முடியாது.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஃபெபிக்கு இந்த ஜன்னல்களை நினைத்தாலே எரிச்சல் வந்தது. அதைவிட எரிச்சல், ஒரு காலத்தில் தானும் அவற்றைப் பார்த்து வாய் பிளந்ததை நினைத்தால். பேராவூரணியில் அவளுடைய அம்மா, "பதினாறு ஜன்னல் வீடு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அதற்கும் ஜன்னலைத்தான் பதிலாகச் சொன்னாள். மாப்பிள்ளை ரெஜின் தஞ்சாவூரில் ஒரு மொபைல் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். இப்போதும் அதையேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் ஜன்னல்கள் மனிதர்களுக்காக இல்லை, மனிதர்கள்தான் ஜன்னல்களுக்காக இருந்தார்கள் என்று. சாரல் அடிக்கும் பக்கத்திலிருந்து கட்டில் நகர்ந்தது. கட்டில் நகர்ந்த இடத்திலிருந்து பீரோ நகர்ந்தது. பீரோ போன மூலையில் மின்விசிறி இல்லை. மூடாத இடுக்குகளில் பழைய வேட்டிகளைச் சுருட்டிச் செருகினார்கள். அந்த வேட்டிகளின் மடிப்பில் கொசு குடியிருந்தது, மழைக்காலம் தவறாமல் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். ரெஜின் ஆசைப்பட்டு வாங்கிய ஏசி தெருவையே குளிர்வித்தது. மாமியார் இருதயம்மாள் ஒருநாள் கதவை இழுத்து மூடப்போய் ஆள்காட்டி விரல் நசுங்கி, அந்த விரலை மடக்க முடியாமலே ஜெபமாலை உருட்டினாள். எதையும் யாரும் ஜன்னலின் கணக்கில் சேர்க்கவில்லை. காய்ச்சல் கடவுள் கொடுத்தது. விரல் இருதயம்மாளின் அவசரத்தால் போனது. கரண்ட் பில் அரசாங்கத்தின் அக்கிரமம். ஜன்னல் மட்டும் அப்பழுக்கற்றது.

"அலுமினிய ஜன்னல் போட்ட வீடெல்லாம் வீடா? தகர டப்பா" என்பார் பெரியநாயகசாமி, எதிர்வீட்டுக் கனிமொழியின் காதில் விழும்படியாக. கனிமொழி கணவனை இழந்தவள். மூன்று ஏக்கருக்கு மேல் வரும் பத்து மா நிலத்தை ஒற்றை ஆளாகப் பயிர் செய்தாள். தகர டப்பாவில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

கனிமொழியைப் பார்த்துத்தான் ஃபெபிக்கு அந்த ஆசை வந்தது. மாமனாரின் ஆறு மா நிலம் குத்தகைக்காரனிடம் கிடந்தது. அவன் கொடுத்ததே குத்தகை, சொன்னதே கணக்கு. ஃபெபி அதைத் திரும்ப வாங்கித் தானே குறுவை போட்டாள். அதுவும் சோற்றுக்கு நெல் இல்லை, விதைநெல். வேளாண்மைத் துறையில் பதிவு செய்து, விதைநெல் விளைவிப்பதற்கென்றே அவர்கள் கொடுத்த ஆதார விதையை நாற்றுவிட்டு நட்டாள். ஒரு போகம் தேறிவிட்டால் அவள் பெயர் விதை உற்பத்தியாளர் என்று பதிவில் நிற்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு போகமும் துறையே வந்து எடுத்துக்கொள்ளும். பதினாறு ஜன்னல் வீட்டு மருமகள் என்பதைத் தவிர வேறு ஒரு பெயர் தனக்கு வேண்டும் என்று அவள் தவித்தாள். அந்தப் பெயர் இந்த நெல்லில் இருந்தது.

விதைநெல் என்பது வைராக்கியம் பிடித்த வேலை. வயலில் வேறு ரகம் ஒரு கதிர் தெரிந்தாலும் பிடுங்க வேண்டும். ஆவணி வெயிலில் வரப்பு வரப்பாகக் குனிந்து அவள் பிடுங்கினாள். அறுவடை இயந்திரம் வந்தபோது, அதன் வயிற்றுக்குள் முந்தின வயலின் நெல் ஒரு மணிகூட இருக்கக் கூடாது என்று ஓட்டுநரோடு சண்டை போட்டு, அக்கக்காகத் துடைக்கச் செய்தாள். களத்தில் காயப்போட்டு, கடித்துப் பார்த்து, 'டக்' என்று உடையும்வரைக்கும் கிளறினாள். வயல் ஆய்வுக்கு வந்த விதைச் சான்று அதிகாரி பரிதி, சின்ன வயசுக்காரன், அளந்துதான் பேசுவான். அவனே, "சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றான்.

இனி ஒரே ஒரு படிதான். திங்கட்கிழமை பரிதி வந்து மூட்டைகளில் மாதிரி எடுப்பான். ஈரம் கூடாது, முளை கூடாது. தேறினால் லாரி வரும். அதுவரைக்கும் நெல் நனையாமல் இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் வந்தது வம்பு. வீட்டில் சாரல் எட்டாத ஒரே இடம் நடு அறை. அதில் பெரியநாயகசாமி படுத்திருந்தார். ஃபெபி கேட்டாள். அவர் சிரித்தார்.

"நெல்லுக்குக் காத்து வேணும்மா. முன்கூடத்துல அடுக்கு. எங்க தாத்தா ஜன்னல் இருக்கு, ஒரு சொட்டு உள்ள வராது."

ஜன்னலைப் புகழ்ந்து பேசும் அவர், ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்துத்தான் படுத்துக்கொண்டார். இதை ஃபெபி கவனிக்காமல் இல்லை. ரெஜினைப் பார்த்தாள். ரெஜின் போனைப் பார்த்தான்.

சரி என்று முன்கூடத்திலேயே கட்டைகளைப் போட்டு மூட்டைகளை அடுக்கினாள். தெருவைப் பார்த்த ஜன்னல்களின் விளிம்பு முழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்து, இருதயம்மாள் கொக்கியைப் பிடித்துக்கொள்ள, உலக்கையால் முட்டி முட்டி ஒவ்வொன்றாக மூடினாள். கடைசிக் கதவு அடங்கியபோது இரண்டு பேருக்கும் வியர்த்து வழிந்தது. இருதயம்மாள் மடங்காத விரலை நீட்டிக்கொண்டு, "இந்த ஜன்னல் மூடி நான் பாத்ததே இல்லடி" என்றாள். மூட்டைகளின்மேல் புதுத் தார்ப்பாய் ஒன்றை விரித்துக் கட்டிவிட்டுத்தான் ஃபெபி அன்று சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை திருவிழா. அன்றைக்கே தஞ்சாவூர் விதைச் சான்று அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஃபெபியை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மாதா சப்பரம் வரும் நேரத்தில் எல்லா வீட்டிலும் தெரு ஜன்னல்களை விரியத் திறந்து, திண்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். சப்பரம் நிற்கும், சாமியார் தீர்த்தம் தெளிப்பார். இந்த வருஷம் நம் வீட்டில் மட்டும் கதவு மூடியே இருக்கட்டும், வெளித் திண்டில் மெழுகுவர்த்தி வைத்தால் மாதாவுக்குத் தெரியாமலா போகும் என்று ஃபெபி கேட்டாள். அவள் லுத்தரன் சபையில் பிறந்தவள்.

"உங்க சபையில மாதாவும் கிடையாது, சப்பரமும் கிடையாது. உனக்கு என்னத்த தெரியும்?" என்றார் மாமனார். இரண்டு நாள் முன்னால்தான் கம்பிகளுக்கு இடையே கையை விட்டுக் கதவுகளின் உள்பக்கத்துக்குப் பச்சை அடித்து முடித்திருந்தார். இன்னும் ஒட்டியது. அதைத் திருச்சியிலிருந்து வரும் பங்காளிகள் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து சுவரோடு சாய்த்தால்தானே உள்பக்கம் தெருவுக்குத் தெரியும்.

கிளம்பும்போது ஃபெபி ரெஜினைத் தனியாகக் கூப்பிட்டு, ஜன்னலைத் திறக்க விடக் கூடாது என்று சொன்னாள். "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றான். வார்த்தை என்னவோ ஆண்பிள்ளை வார்த்தைதான்.

வேலை முடிந்து திரும்பும்போது அய்யம்பேட்டை தாண்டியதும் மேற்கே வானம் கறுத்தது. பஸ்ஸின் ஷட்டர்களைச் சடசடவென்று இறக்கினார்கள். அரசாங்க பஸ்ஸின் ஓட்டை ஷட்டர்கூட ஒரு இழுப்பில் இறங்கிவிட்டது. ஃபெபி போன் செய்தாள்.

"மழை அங்க வந்துருச்சா?"

"லேசா தூறுது."

"ஜன்னல்?"

அவனுக்குப் பின்னால் யாரோ எதையோ கிழிக்கும் சத்தம் கேட்டது.

"மூடித்தான் இருக்கு. நீ பதறாம வா" என்றான் ரெஜின்.

அவள் தெருவில் கால் வைத்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சப்பரத்தைத் தெரு முனையில் ஒரு கொட்டகைக்குள் ஒதுக்கியிருந்தார்கள். எல்லா வீடுகளிலும் மெழுகுவர்த்தி அணைந்து, ஜன்னல் சாத்தியிருந்தது. பதினாறு ஜன்னல் வீட்டில் மட்டும் கதவுகள் இரண்டு பக்கமும் விரிந்து சுவரோடு ஒட்டி நின்றன. பங்காளிகள் வரும் முன்னால் கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தவை. மழை பிடித்ததும் மூட முடியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஃபெபி சேற்றில் அப்படியே நின்றது வேறொன்றைப் பார்த்து. ஒவ்வொரு ஜன்னல் கதவும் தார்ப்பாய்த் துண்டில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல் பதனமாகச் சுற்றியிருந்தார்கள். காயாத பெயிண்டில் மழை பட்டால் கொப்புளம் போட்டுவிடும் என்று பெரியநாயகசாமி துடித்திருக்கிறார். மூட்டைமேல் இருந்த தார்ப்பாயை உருவி, துண்டு துண்டாகக் கிழித்து, அப்பா சொல்லச் சொல்ல மகன் கட்டியிருக்கிறான். கதவுகளுக்கு நடுவில் இருந்த வெற்றுக் கம்பிகள் வழியாக மழை தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கூடத்தில் இருதயம்மாள் தன் சேலைகளையெல்லாம் கொண்டுவந்து மூட்டைகளின்மேல் போர்த்தியிருந்தாள். சேலைகள் தண்ணீரைக் குடித்து மூட்டைகளுக்கு ஊட்டின. தரையில் நின்ற தண்ணீர் கட்டையைத் தாண்டி அடி வரிசையைத் தொட்டிருந்தது. ரெஜின் ஒரு வாளியோடு நின்றான்.

"மூடித்தான் இருக்குன்னீங்க" என்றாள் ஃபெபி.

"நீ வழியில பதறுவியேன்னுதான்."

அவள் வாளியை அவன் கையிலிருந்து பிடுங்கித் தண்ணீரை இறைத்தாள். பேசுவதற்கு எதிரே ஆள் யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெயில் தலைகாட்டவில்லை. அவளும் இருதயம்மாளும் ஈர மூட்டைகளில் முடிந்ததைப் பிரித்துக் கிடைத்த தரையிலெல்லாம் பரப்பினார்கள், மீதி மூட்டைகள் கூடத்திலேயே நின்றன. நடு அறையைத் தவிர எல்லா இடமும் நெல். அந்த அறையில் பெரியநாயகசாமி படுத்துக்கொண்டு, திருச்சிப் பங்காளிகள் ஜன்னலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்பதைப் போனில் யாரிடமோ ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிறு மாலை ஃபெபி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு மணியின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. குறுவை நெல்லுக்கு உறக்கம் குறைவு, நனைந்தால் எழுந்துகொள்ளும். நல்ல விதை. அவள் வளர்த்த விதை என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் முளைத்தது.

ரெஜின் ஒரு யோசனையோடு வந்தான். யோசனை அவனுடையது இல்லை என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அதிகாரி மேல் மூட்டைகளைத்தான் குத்திப் பார்ப்பான், காய்ந்ததை மேலே வைத்து, நனைந்ததை அடியில் போட்டுவிடலாமாம். முளைவிட்டுக் காய்ந்த நெல் மறுபடி முளைக்காது, வாங்கும் விவசாயி அதை விதைத்துவிட்டுத் தலையில் கை வைப்பானே என்று ஃபெபி கேட்டதற்கு, அது யார் என்று நமக்குத் தெரியவா போகிறது என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த முகத்துக்குத்தான் காப்பி போட்டுக் கொடுத்தோமா என்று இருந்தது. வெடித்த பெயிண்டின்மேல் இன்னொரு பூச்சு அடிக்கும் புத்தி அப்பனோடு முடியவில்லை.

திங்கட்கிழமை காலை பரிதி வந்தான். ஃபெபி வாயைத் திறப்பதற்குள் பெரியநாயகசாமி முந்திக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை. பரிதியை நேரே ஜன்னலுக்கு அழைத்துப் போய், ரங்கூனிலிருந்து ஆரம்பித்தார். பெயிண்ட் கொப்புளம் போட்டிருந்தது. தார்ப்பாய் ஒட்டிக்கொண்டு, உரித்தபோது பச்சையும் கூடவே உரிந்து, உள்ளே மக்கும் கரையான் மண்ணுமாக இளித்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினார். பரிதி மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மூட்டைப் பக்கம் வந்து, குத்தூசியைச் செருகி இழுத்தான். உள்ளங்கையில் முளைத்த நெல் விழுந்தது. இன்னொரு மூட்டை. அதிலும் அதே.

"என்னம்மா இது?"

"என்னத்த சொல்ல சார்" என்றார் பெரியநாயகசாமி. "பொம்பளைங்கள நம்பி ஒரு பொருள விட முடியல. திருவிழா அன்னிக்கு இவ பாட்டுக்கு டவுனுக்குப் போயிட்டா. மழை வந்தா மூட்டையப் பாத்துக்க வீட்ல ஆளு வேணாமா?"

இருதயம்மாள் தலை குனிந்தாள். ரெஜின் வாசலைப் பார்த்தான். ஃபெபி குரலை உயர்த்தவில்லை.

"சார், நான் போனது உங்க ஆபீசுக்குத்தான். ஜன்னல மூடிட்டு, தார்ப்பாய் போட்டுட்டுப் போனேன். மாமா ஜன்னலத் திறந்து, நெல்லு மேல கிடந்த தார்ப்பாய எடுத்து ஜன்னல் கதவுக்குச் சுத்தினாங்க. பெயிண்ட் நனையக் கூடாதாம். நீங்க அங்க நின்னு பாத்தீங்களே, அதுக்குத்தான்."

பரிதி ஜன்னலைப் பார்த்தான். கொக்கியில் இன்னும் ஒரு துண்டு தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியநாயகசாமியைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் கௌரவம் மிஞ்சியிருக்கும். குப்பையில் கிடக்கும் ஒன்றை மிதிக்காமல் தாண்டிப் போகிறவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதிவில் எல்லா மூட்டைக்கும் ஒரே குவியல் எண், சில கெட்டாலும் எல்லாம் கெட்ட கணக்குதான் என்பதால் மொத்தமும் தள்ளுபடி என்று எழுதினான். எழுதிவிட்டு ஃபெபியிடம் மட்டும் சொன்னான். அடுத்த போகமான தாளடிக்குப் பதிவு இன்னும் திறந்திருக்கிறது. வயல் வேலையில் அவள்மேல் குறை இல்லை. ஆனால் நெல்லை வைக்கும் இடத்தை முதலில் நேரில் பார்த்துவிட்டுத்தான் இனிக் கையெழுத்துப் போடுவான்.

"இந்த வீடா இருந்தா போட மாட்டேன்" என்றான்.

"அப்ப நடு ரூம காலி பண்ணிக் கொடுத்துருவோம்ப்பா" என்று ரெஜின் முனகினான். அவன் இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் சொன்ன முதல் எதிர்ச்சொல் அதுதான். அதையும் கேள்விபோலச் சொன்னான். பெரியநாயகசாமி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கதவத் தேய்க்கணும். உப்புத்தாள் வாங்கிட்டு வா" என்றார். ரெஜின் செருப்பை மாட்டிக்கொண்டு உப்புத்தாள் வாங்கப் போனான்.

ஃபெபி தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.

கனிமொழி தாளடி நாற்றங்காலைச் சேடை ஓட்டிச் சேறாக்கி, பரம்படித்துச் சமன்செய்து வைத்திருந்தாள். விதையை ஊறப்போட்டு முளைகட்ட இன்னும் இரண்டு நாள் ஆகும். ஃபெபி சுற்றிவளைக்கவில்லை.

"அக்கா, முளைகட்டின விதை என்கிட்ட இருக்கு. இன்னிக்கே தெளிக்கணும், நாளைக்கு வேர் பின்னிக்கிட்டா மாடுதான் திங்கும். உங்களுக்கு வேண்டியத எடுத்துக்குங்க. பதிலுக்கு உங்க பின் ரூம் வேணும். அடுத்த போகம் என் நெல்லு அங்கதான் இருக்கும்."

கனிமொழி, "நெல்லு மட்டும்தானா?" என்றாள்.

"இப்போதைக்கு நெல்லு மட்டும்."

"ரூம்ல ஒரு ஜன்னல்தான் இருக்கு. ஒத்த விரல்ல தள்ளினா மூடிக்கும். உங்க மாமனாரு அங்க காலு வைக்க மாட்டாரே?"

"அவரு எதுக்கும் அந்த ஜன்னல விட்டு நகர மாட்டாருக்கா."

தரையில் பரப்பியிருந்த நெல்லையும், மீதி மூட்டைகளைப் பிரித்து அதையும் கூடைகளில் அள்ளத் தொடங்கினார்கள். இருதயம்மாள் யாரும் கூப்பிடாமலே வந்து ஒரு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பெரியநாயகசாமி ஸ்டூல்மேல் நின்று கொப்புளங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய இடத்திலெல்லாம் மரத்துக்குப் பதில் மண் கொட்டியது. கீல் ஒன்று கையோடு வந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவில் போகும் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"இருதயம், அந்தக் கதவக் கொஞ்சம் புடி" என்றார்.

இருதயம்மாள் கூடையோடு படியிறங்கினாள். "வயலுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மருமகளுக்கு முன்னால் நடந்தாள்.